ஏக்கர் கணக்கில் பட்டாம்பூச்சி

மெக்சிகோ மலைக்காடுகளில் குளிர்காலம் கழிக்க வரும் மொனார்க் பட்டாம்பூச்சிகளை யாரும் தலை எண்ணுவதில்லை. நிலத்தை அளப்பதுபோல் அளக்கிறார்கள். எந்தெந்த மரங்களில் அப்பிக்கொண்டிருக்கின்றன, அந்த மரங்கள் நிற்கும் இடம் மொத்தம் எத்தனை ஹெக்டேர் என்று ஒவ்வொரு குளிர்காலமும் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். ஒரு ஹெக்டேரில் எத்தனை பூச்சி இருக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. ஒரு கோடி என்பவரும் உண்டு, ஐந்து கோடி என்பவரும் உண்டு. இலை தெரியாதபடி கொத்துக் கொத்தாகத் தொங்குவதை எப்படித்தான் எண்ணுவது? அதனால் பரப்பளவே கணக்கு.

1996–97 குளிர்காலத்தில் அந்தக் கணக்கு 18.19 ஹெக்டேர், அதாவது சுமார் 45 ஏக்கர். 2013–14-இல் 0.67 ஹெக்டேர். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை ஏக்கர் சொச்சம். ஒரு கண்டத்தின் பாதிப் பரப்பில் கோடை முழுக்கப் பறந்து திரிந்தவை எல்லாம் ஒரு கல்யாண மண்டபமும் அதன் வாகன நிறுத்தமும் கொள்ளும் இடத்தில் அடங்கிவிட்டன. நடுவில் 2018–19-இல் 6.05 ஹெக்டேருக்கு ஏறியது. 2023–24-இல் மறுபடி 0.90. அடுத்த ஆண்டு 1.79. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஆண்டும் "மொனார்க் அழிகிறது" என்றோ "மொனார்க் மீண்டது" என்றோ செய்தி வரும். இரண்டுமே கொஞ்சம் அவசரப்பட்ட தலைப்புகள்.

மொனார்க் என்ற பூச்சியினம் இப்போதைக்கு அழியப் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, நியூசிலாந்தில் இருக்கிறது, ஹவாயிலும் ஸ்பெயினிலும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து போய், மனிதர்கள் கொண்டுபோய் வைத்திருந்த உணவுச் செடிகளைக் கண்டுபிடித்து, அங்கேயே குடும்பம் நடத்துகிறது. ஆபத்தில் இருப்பது வட அமெரிக்காவில் அது செய்யும் நெடும்பயணம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான், மொனார்க்குக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் சில காரியங்கள் ஏன் கெடுதலாக முடிகின்றன என்பது விளங்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பயணம். மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே, மிச்சோகான் மாநிலமும் மெக்சிகோ மாநிலமும் சேரும் இடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர் அளவில் ஒயமெல் என்னும் ஊசியிலை மரக்காடு இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் வந்து சேரும் பூச்சிகள் மார்ச் வரை அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இனச்சேர்க்கை இல்லை, முட்டை இல்லை, சாப்பாடும் அனேகமாக இல்லை. மார்ச்சில் வெயில் ஏறியதும் இணைசேர்ந்து வடக்கே கிளம்பும். டெக்சாஸ் பக்கம் போய் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த முட்டையில் பிறந்தவை இன்னும் வடக்கே போகும். அவற்றின் பிள்ளைகள் இன்னும் வடக்கே. இப்படி ஐயோவா, மின்னசோட்டா, பிரேரி எனப்படும் புல்வெளிப் பகுதி, கனடாவின் தென்பகுதி வரை கோடைக்குள் பரவிவிடும். இந்தக் கோடைத் தலைமுறைகள் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இரண்டு முதல் ஆறு வாரம்தான்.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பிறப்பவை மட்டும் வேறு மாதிரி. பகல் குறுகுகிறது, இரவு குளிர்கிறது, செடி முற்றுகிறது. இந்த மூன்றையும் உடம்பு உணர்ந்துகொள்கிறது. இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஹார்மோன் சுரப்பு குறைந்துவிடுவதால் அவை முட்டையிடும் வேலையை ஒத்திப்போடுகின்றன. கிடைத்த பூவிலெல்லாம் தேன் குடித்து அதைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. ஆயுளும் எட்டு மாதம் வரை நீள்கிறது. ஒரு கிராமில் பாதி எடை. அதை வைத்துக்கொண்டு தெற்கே 4,000 கிலோமீட்டர் வரை. பருந்து வட்டமடிப்பதுபோல், சூடேறி மேலெழும் காற்றில் ஏறி உயரம் பிடித்துக்கொண்டு சிறகை அசைக்காமல் சரிந்து போவதால்தான் இவ்வளவு தூரம் தாங்குகிறது. இரவில் பறப்பதில்லை.

மார்ச்சில் கிளம்பிய பூச்சியின் பேத்தியோ, கொள்ளுப்பேத்தியோதான் நவம்பரில் திரும்பி வருகிறது. வழி காட்டிப் பழக்கியவர் யாரும் உயிரோடு இல்லை. பாட்டி போன அதே மலைக்கு எப்படி வருகிறது? சூரியனைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்கிறது என்பது பாதி விடை. சூரியன் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் இருக்குமே, அதற்கேற்பத் திருத்திக்கொள்ள ஒரு கடிகாரமும் வேண்டும். அந்தக் கடிகாரம் அதன் உணர்கொம்புகளில் இருக்கிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொம்பை எடுத்துவிட்டால் பூச்சி பறக்கும், ஆனால் திசை தவறிவிடும்.

இந்தக் குளிர்கால மலை உலகத்துக்குத் தெரிய வந்த கதை தனி. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியலாளர் ஃப்ரெட் அர்க்கார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் இதன் பின்னால் அலைந்தார்கள். சிறகில் சீட்டு ஒட்டி அனுப்புவது, யாராவது எங்காவது கண்டெடுத்தால் தபாலில் சொல்வது. இதுதான் முறை. முதலில் ஒட்டிய சீட்டுகள் தபால்தலைப் பசை போன்றவை; மழையில் நனைந்து உதிர்ந்துபோயின. அப்புறம் கடைகளில் விலை ஒட்டும் சீட்டு மாதிரி ஒன்றைப் பிடித்தார்கள், அது நின்றது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். சீட்டுகள் எல்லாம் தென்மேற்காகப் போய் டெக்சாஸ் தாண்டி மெக்சிகோவைக் காட்டின. மெக்சிகோவில் இருந்த கென் ப்ரகரும் மிச்சோகானில் பிறந்த கட்டலினா அகுவாடோவும் தேடப் போனார்கள். 1975 ஜனவரியில் செர்ரோ பெலோன் மலையில் கண்டுபிடித்தார்கள். 1976 ஆகஸ்ட் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் பட்டாம்பூச்சிகள் சூழ இருப்பவர் கட்டலினாதான்.

அர்க்கார்ட் தானே மலையேறிப் பார்த்தது 1976 ஜனவரியில். அறுபதைத் தாண்டிவிட்டவர், மூச்சு வாங்க ஏறியிருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு பைன் கிளை ஒடிந்து விழுந்தது. கீழே சிதறியவற்றில் ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு. முந்தைய ஆகஸ்டில் மின்னசோட்டாவின் சாஸ்கா என்ற ஊரில் பள்ளி மாணவர்களும் அவர்கள் ஆசிரியரும் ஒட்டி அனுப்பியது. நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

'கண்டுபிடித்தார்கள்' என்று நானும் எழுதிவிட்டேன். யாருக்குத் தெரியாமல் இருந்ததை? மலையடிவாரத்து மசாவா மக்களுக்கும் அந்த வட்டாரத்துக் குடியானவர்களுக்கும் இந்தப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாள் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயத்தில் சரியாக வந்து சேரும் பட்டாம்பூச்சிகள் வீட்டுக்குத் திரும்பும் முன்னோரின் ஆவிகள் என்பது அங்கே நம்பிக்கை. அவர்களுக்குத் தெரியாதது அவை கனடாவிலிருந்து வருகின்றன என்பது. கனடாக்காரர்களுக்குத் தெரியாதது அவை எங்கே போகின்றன என்பது. ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இனி செடி. மொனார்க் புழு ஒரே குடும்பத்துச் செடியைத்தான் தின்னும்: மில்க்வீட். கிள்ளினால் பால் வடியும் களை என்பதால் அந்தப் பெயர். பார்த்ததில்லையே என்று யோசிக்க வேண்டாம். நம் எருக்கு அதன் ஒன்றுவிட்ட சொந்தம். அதே பால், அதே வகைக் காய், முற்றி வெடித்தால் விதையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் அதே பஞ்சு. எருக்கம் இலையைத் திருப்பிப் பார்த்தால் சில சமயம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று இருக்கும். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, மொனார்க்கின் நெருங்கிய உறவு. நம்மூர்ப் புழுவுக்கு முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு, மொனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடி. மற்றபடி அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடப் போகிறது என்று சின்ன வயதில் வீட்டில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்தப் பயம் நியாயமானது. மில்க்வீட் பாலிலும் கார்டினோலைடு என்ற வகை நஞ்சு இருக்கிறது. உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி இறைக்கும் ஒரு பம்பு உண்டு. இந்த நஞ்சு நேராகப் போய் அதில் சிக்கிக்கொண்டு பம்பை நிறுத்திவிடும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை வேலை செய்வதும் இதே பம்பில்தான். அளவு மிஞ்சினால் அதுவும் ஆளைக் கொல்லும். இந்தச் செடி இனத்துக்குக் கிரேக்க மருத்துவக் கடவுளின் பெயரால் அஸ்க்லீபியஸ் என்று லின்னேயஸ் பெயர் வைத்தது பொருத்தம்தான். ஆனால் அதிலேயே மிகப் பரவலான வட அமெரிக்கச் செடிக்கு 'சிரியாக்கா' என்றும் வைத்தார், சிரியாவிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டு. தவறுதான், ஆனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புழு இதை எப்படித் தின்கிறது? முதலில் பாலைச் சமாளிக்க வேண்டும். அப்போதுதான் பொரித்த குஞ்சுப் புழுக்களில் கணிசமானவை பிசுபிசுவென்ற பாலில் ஒட்டிக்கொண்டே செத்துப்போகின்றன. பிழைத்து வளர்ந்தவை தந்திரம் செய்யும். இலையின் நடு நரம்பை முதலில் கடித்து வெட்டி, பாலை வடியவிட்டு, வற்றிய பகுதியை மட்டும் தின்னும். பால் போனாலும் நஞ்சு முழுக்கப் போய்விடாது. அதற்குத்தான் உடம்பிலேயே மாற்றம். மொனார்க்கின் அந்தப் பம்பில் நஞ்சு பற்றிக்கொள்ளும் இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-இல் கலிஃபோர்னியாவில் பழ ஈக்களின் மரபணுவில் இதே மூன்று மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். அந்த ஈக்களும் மில்க்வீட் நஞ்சைத் தின்று பிழைத்தன.

நஞ்சைத் தாங்குவதோடு நிற்காமல், அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது மொனார்க். லிங்கன் ப்ரோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களில் ப்ளூ ஜே பறவைகளுக்கு மொனார்க்கைத் தின்னக் கொடுத்தார். தின்ற சில நிமிடங்களில் வாந்தி. அதற்கப்புறம் அந்தப் பறவை ஆரஞ்சு நிறச் சிறகைக் கண்டாலே திரும்பிக்கொண்டது. சரி, நஞ்சு செடியிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது? ப்ரோவர் முட்டைக்கோஸ் தின்ன ஒத்துக்கொள்ளும் மொனார்க் புழுக்களைப் பொறுக்கி எடுத்து வளர்த்தார். அந்தப் பட்டாம்பூச்சிகளைப் பறவைகள் சுகமாகத் தின்றன. முட்டைக்கோஸ் மொனார்க் என்ற யோசனை வந்த மனிதரின் பொறுமையை நினைத்துப் பார்க்கலாம்.

மில்க்வீட் பஞ்சுக்கும் ஒரு காலம் வந்தது. கடலில் மிதக்கும் லைஃப் ஜாக்கெட்டுகளில் அடைக்க அமெரிக்கா ஜாவாவிலிருந்து இலவம்பஞ்சை வரவழைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அது நின்றுபோனது. பதிலாகப் பள்ளிப் பிள்ளைகளை வயல்வெளிக்கு அனுப்பி மில்க்வீட் காய் பறிக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது பிரசாரம். போர் முடிந்ததும் செடி மறுபடி களையாகிவிட்டது.

களை என்ற அந்தப் பெயரில்தான் பிரச்சினையே. அமெரிக்காவின் நடுப்பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் விளையும். அந்த வரிசைகளுக்கு நடுவே முளைத்த மில்க்வீட்தான் மொனார்க்கின் பெரிய பிள்ளைப்பேற்று விடுதியாக இருந்தது. டிராக்டர் ஓட்டிக் களையெடுத்தாலும் ஆழத்து வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இளந்தளிர் என்றால் புழுவுக்கு இன்னும் கொண்டாட்டம். 1996-இல் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய சோயா சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மக்காச்சோளமும் வந்தது. பயிரின் தலைமேலேயே மருந்தடிக்கலாம், பயிருக்கு ஒன்றும் ஆகாது, மற்றதெல்லாம் வேரோடு போய்விடும். 1999-க்கும் 2010-க்கும் இடையில் அந்தப் பகுதியின் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. களையில்லாத வயலை விரும்பாத விவசாயி எந்த நாட்டில் இருக்கிறார்?

ஆனால் கதை இங்கேயே முடிந்துவிடாது. கோடைக் காலத்தில் அமெரிக்காவில் எடுக்கும் கணக்குகள் பல இடங்களில் மெக்சிகோ கணக்கு அளவுக்கு வீழ்ச்சி காட்டவில்லை என்று இன்னொரு அணி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிறப்பது பிறக்கிறது, வழியில்தான் சாகிறது என்பது அவர்கள் வாதம். டெக்சாஸ் வறட்சியில் தேன்பூ இல்லாமல் போவது, நெடுஞ்சாலை வாகனங்களில் அடிபடுவது, ஒட்டுண்ணி நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எனக்கு இரண்டும் எதிரெதிர் வாதங்களாகத் தெரியவில்லை. கிளம்புவது குறைந்து, வழியிலும் இழப்பு கூடினால் மலையில் ஏக்கர் சுருங்கத்தான் செய்யும்.

அந்த மலையிலும் நிம்மதி இல்லை. அடர்ந்த ஒயமெல் காடு பூச்சிக்குக் குடையும் போர்வையும் என்பார் ப்ரோவர். மரம் நெருக்கமாக இருந்தால் மழை நேராகப் படாது, இரவுக் குளிரும் உள்ளே இறங்காது. நடுவில் நாலு மரம் வெட்டினால் போர்வையில் ஓட்டை. நனைந்த பட்டாம்பூச்சி, காய்ந்த பட்டாம்பூச்சியைவிடச் சீக்கிரம் உறைந்துபோகும். 2002 ஜனவரியில் முதலில் மழை, பின்னாலேயே கடுங்குளிர் என்று ஒரு புயல் வந்தது. இரண்டு பெரிய கூட்டங்களில் முக்கால்வாசி செத்து, தரையில் குவியலாகக் கிடந்தன.

மெக்சிகோ அரசு 1986-இலும் 2000-இலும் காட்டைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காடு மட்டும் பெரும்பாலும் எஜிடோ எனப்படும் கிராமப் பொதுவுடைமையில் இருக்கிறது. மரம் விற்றுச் சாப்பிட்டவர்களிடம் வெட்டாதே என்று சொன்னால் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? அதனால் வெட்டாமல் இருப்பதற்குப் பணம் தரும் நிதி ஒன்று 2000-இல் தொடங்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போவதிலும் கொஞ்சம் வருமானம் வருகிறது. மிச்சோகானில் அவகாடோ தோட்டங்கள் பெருகப் பெருக நிலத்துக்கு வேறு விலை. எல் ரொசாரியோ சரணாலயத்தை நடத்திய ஓமெரோ கோமெஸ் மரவெட்டிக் குடும்பத்திலிருந்து வந்து காட்டின் காவலரானவர். 2020 ஜனவரி 13-இல் காணாமல் போனார். 29-ஆம் தேதி சடலமாகக் கிடைத்தார்.

இப்போது, முன்பு சொன்ன அந்த நல்லெண்ணத்துக்கு வருவோம். மில்க்வீட் நடுங்கள் என்ற பிரசாரம் அமெரிக்காவில் பெரிய வெற்றி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-இல் தொடங்கிய மொனார்க் வாட்ச் போன்ற அமைப்புகளின் வேலையால் வீட்டுத் தோட்டம், பள்ளி, சாலையோரம் எங்கும் நட்டார்கள். ஆனால் நர்சரியில் சுலபமாகக் கிடைத்தது சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட், அஸ்க்லீபியஸ் குராசாவிக்கா. நம் மலைப்பகுதிகளிலும் வந்து வேரூன்றிவிட்ட அதே செடி. உள்ளூர் மில்க்வீட் குளிர்காலத்தில் பட்டுப்போய் வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும். இது டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி வெதுவெதுப்பான இடங்களில் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். மெக்சிகோ போகிற வழியில் இதைப் பார்க்கும் பூச்சி, சாப்பாடும் பிள்ளை வளர்க்க இடமும் இங்கேயே இருக்கிறதே என்று தங்கிவிடுகிறது. இலை உதிராத செடியில் ஒட்டுண்ணியின் நுண்வித்துகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பயணம் போகும் கூட்டத்தில் நோயுற்றவை வழியில் விழுந்துவிடும். தங்கிவிட்ட கூட்டத்தில் அந்தச் சலிப்பு நடப்பதில்லை, நோய் பல மடங்கு கூடுதலாக இருக்கிறது.

வீட்டுக்குள் டப்பாவில் வளர்த்துப் பறக்கவிடுவதிலும் இதே சிக்கல். சிகாகோவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், விற்பனைக்காகப் பல தலைமுறை வளர்த்த மொனார்க்குகளுக்குத் தெற்கு நோக்கும் குணமே போயிருந்தது. வீட்டுக்குள் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த காட்டுப்பூச்சிகளும் திசை பிடிக்கவில்லை. எண்ணிக்கை கூடும், பயணிகள் கூட மாட்டார்கள்.

ராக்கி மலைக்கு மேற்கே வாழும் கூட்டத்தைப் பார்த்தால் எண்ணிக்கையை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவை மெக்சிகோவுக்குப் போகாமல் கலிஃபோர்னியாக் கடற்கரையில் தைல மரங்களிலும் பைன்களிலும் தங்கும். 2020-இல் அங்கே எண்ணியது 2,000-க்கும் குறைவு. எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட இரண்டரை லட்சம்! 2022-இல் மூன்று லட்சத்துக்கு மேல். 2024-இல் 9,119. பூச்சிகள் இப்படித்தான், நல்ல மழை, நல்ல வசந்தம் அமைந்தால் பொங்கும், இல்லாவிட்டால் வற்றும். ஆனால் அடிமட்டம் தாழ்ந்துபோன கிணறு ஒரு மோசமான ஆண்டையும் தாங்காது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022-இல் பயணம் செய்யும் மொனார்க்கை அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, அடுத்த ஆண்டே ஒரு படி இறக்கியது. அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் சட்டப் பாதுகாப்பு தர முன்மொழிந்தது.

காடு சூடேறுவதற்கு இந்தப் பட்டியல்கள் எதிலும் மருந்தில்லை. ஒயமெல் குளிர்ச்சி தேடும் மரம். வெப்பம் கூடினால் மேலே ஏற வேண்டும், ஆனால் பல இடங்களில் மலை அதற்கு மேல் இல்லை. மிச்சோகான் பல்கலைக்கழகத்தின் குவாத்தெமோக் சாயென்ஸ்-ரொமேரோ குழுவினர் இன்னும் உயரமான நெவாடோ தெ தொலூக்கா எரிமலைச் சரிவில் 3,400 மீட்டரிலிருந்து 4,000 மீட்டர் வரை கன்று நட்டிருக்கிறார்கள், புதர்களின் நிழலில், ஒவ்வொன்றாக. உச்சிக்குப் போகப் போக வளர்ச்சி குறைகிறது, ஆனாலும் பிழைக்கிறது. கன்று காடாக முப்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால், அதற்குள் மொனார்க்குக்கு நூற்றிருபது தலைமுறை கடந்திருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று, பாட்டி தங்காத ஒரு மலையில் தங்கிப் பார்க்க வேண்டும்.